மெய்ம்மறையும் மேலாடையும்

சென்ற காலத்துச் செய்திகளை அறிவதற்கு வழிகள் பல உள்ளன. நூல்களைக் கற்று அறிவது ஒரு வழி. கல்வெட்டுக்களையும் காசுகளையும் ஆராய்ந்து அறிவது மற்றொரு வழி. மண்ணை அகழ்ந்து, அதனுள் மறைந்து கிடக்கும் பொருள்களைக் கண்டு அறிவது பிறிதொரு வழி. இவற்றோடு, முன்னோர் உடுத்த உடையை அவ்வாறே தைத்து உடுத்தும், அவர் பூண்ட கவசத்தை அவ்வாறே செய்து பூண்டும் அறிகின்ற வழி ஒன்றும் மேனாடுகளில் வளர்ந்து வந்துள்ளது.

ஐரோப்பிய வரலாற்றில் கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையுள்ள காலத்தை இடைக்காலம் என்பர். அக்காலத்துப் போர்களையும் விழாக்களையும் திரும்ப நிகழ்த்திக் காட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அந்நாடுகளில் பலர் உளர். கி.பி. 1410ஆம் ஆண்டில் போர் நடந்த கிரன்வால்டு என்னும் போலந்து நாட்டுக் களத்தில், 1998 முதல் அப்போரைத் திரும்ப நடத்திக் காட்டும் விழா நடைபெற்று வந்துள்ளது. இங்கிலாந்தில், 1066ஆம் ஆண்டு நடந்த ஏசுடிங்சுப் போரும், 1471ஆம் ஆண்டு நடந்த தியூக்சுபரிப் போரும் இவ்வாறே காட்டப்பெறுகின்றன. இவற்றிற் பங்குகொள்வோர் போர்த்தொழிலில் வல்லவர் அல்லர். ஏனைய நாள்களில் பள்ளியிலும் அலுவலகத்திலும் பட்டறையிலும் பணி செய்பவரே விடுமுறை நாள்களில் வேலும் வாளும் ஏந்தி நிற்கின்றனர்.

இஃது ஒரு வேடிக்கையே அன்றோ என்று கருதுவோர் இருக்கலாம். வேடம் புனைவது மட்டுமே நோக்கமாயின் அது வேடிக்கையே ஆகும். ஆனால், “இக்கவசம் இவ்வாறுதான் இருந்தது என்பதற்குச் சான்று என்ன?” என்னும் வினாவை ஒருவன் எழுப்பிய அந்நொடியிலேயே வேடிக்கை கல்வியாக மாறிவிடுகின்றது. அவ்வினாவிற்கு விடை தேடிச் சென்றோர் கண்ட செய்திகள் சிலவற்றை இங்குக் காண்போம்.

வளையக் கவசம்

மெய்யை மறைத்துக் காப்பது பற்றிக் கவசத்தைப் பழந்தமிழர் ‘மெய்ம்மறை’ என்று வழங்கினர். பொருளை நன்கு விளக்கும் சொல் இது. ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பெரும்பகுதியில் வீரரின் மெய்யை மறைத்தது இரும்பு வளையங்களால் ஆகிய சட்டையாகும்.

கி.பி. 1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டுத் தலைவர் வில்லியம் கடல் கடந்து சென்று இங்கிலாந்தை வென்றார். அவ்வெற்றியின் வரலாறு ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள துணி ஒன்றில் கம்பளி நூலால் பின்னல் ஓவியமாக அமைக்கப்பெற்றது. பிரான்சு நாட்டின் பாயே நகருக்கு உரிய அவ்வோவியத்தில், முழங்கால் வரை தொங்கும் வளையச் சட்டையையும், மூக்கைக் காக்கும் இரும்புத் தண்டோடு கூடிய கூம்பு வடிவத் தலைக்கவசத்தையும் அணிந்த வீரர்களைக் காணலாம். கப்பலில் ஏற்றுவதற்காக வளையச் சட்டையைக் கழியில் கோத்து இருவர் தோளில் சுமந்து செல்லும் காட்சியும் அதில் உண்டு. போர் முடிந்தபின் மாண்டோர் உடலிலிருந்து அச்சட்டைகளை உருவி எடுக்கும் காட்சியும் உண்டு. கவசம் எவ்வளவு அரும்பொருளாக இருந்தது என்பதற்கு அக்காட்சியே போதிய சான்றாகும்.

அஃது அரும்பொருளானதற்குக் காரணம் அதனைச் செய்யும் உழைப்பே. கொல்லர் முதலில் இரும்பைக் கம்பியாக இழுப்பர். கம்பியைத் தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, வளையம் வளையமாக வெட்டுவர். பின்னர் வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக்கித் துளையிட்டு, ஒவ்வொரு வளையத்தையும் அண்டையிலுள்ள நான்கு வளையங்களோடு கோத்து, முனைகளைச் சிறு தறையாணியால் இறுக்குவர். முழங்கால் வரை தொங்கும் சட்டை ஒன்றிற்கு இத்தகைய வளையங்கள் 20,000க்கும் மேல் வேண்டும். தறையாணி இறுக்கப்பெறாமல், முனைகள் வெறுமனே நெருக்கி வைக்கப்பெற்ற வளையம், வேல்முனை பாய்ந்தவுடன் வாய் திறந்து கொள்ளும். ஆதலால் இன்று இக்கவசத்தைத் திரும்பச் செய்வோர் முதலில் கற்கும் பாடம் இத்தறையாணி பற்றியதே. தறையாணி இட்ட வளையக் கவசங்கள் வட இந்தியத் தொழிற்கூடங்களிலும் செய்யப்பெற்று, மேனாட்டு ஆர்வலர்க்கு அனுப்பப்பெறுகின்றன.

இரும்பின் அடியில் துணி

வளையக் கவசம் வாளின் வெட்டைத் தடுக்கும்; ஆனால் அடியின் வேகத்தைத் தடுக்காது. துணியைப் போல வளைந்து கொடுக்கும் தன்மை அதற்கு உண்டு. அத்தன்மையால் உடலை அசைப்பது எளிதாகின்றது; ஆனால் அதே தன்மையால் தடியடியும் வாளடியும் எலும்பு வரை சென்று தாக்குகின்றன. இக்குறையை நீக்கியது இரும்பு அன்று, துணியே.

ஆளிநார்த் துணியைப் பல மடிப்புக்களாக அடுக்கியோ, இரு துணிகளுக்கு இடையே பஞ்சு, கம்பளி, கந்தல் ஆகியவற்றை அடைத்தோ, நெருங்கிய தையல் இட்டு மெத்தைபோலச் செய்த சட்டையை வீரர் அணிந்தனர். பிற்காலத்து ஆங்கிலேயர் இம்மெத்தைச் சட்டைகளுள் ஒன்றை ‘ஆக்டன்’ என்றனர். பருத்தியைக் குறிக்கும் ‘அல்குத்ன்’ என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. குளிர்நாடுகளாகிய அங்குப் பருத்தி விளைவதில்லை. கீழ்த்திசையிலிருந்தும் நடுநிலக் கடற்கரை நாடுகளிலிருந்தும் வணிகர் கொண்டு சென்ற பஞ்சு, மேனாட்டு வீரரின் மார்பைக் காத்தது என்பதை இச்சொல் ஒன்றே நமக்கு உணர்த்துகின்றது.

மெத்தைச் சட்டை, கவசத்திற்கு அடியில் அணிவது மட்டும் அன்று. இரும்பை வாங்கப் பொருளில்லாதவர்க்கு அதுவே கவசமாகவும் இருந்தது. கி.பி. 1181ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் என்றி, நாட்டு மக்கள் யார் யார் எவ்வெப் படைக்கலன்களை வைத்திருத்தல் வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். 16 மார்க்கு மதிப்புள்ள செல்வம் உடையவர் வளையச் சட்டை, தலைக்கவசம், கேடயம், வேல் ஆகியவற்றை வைத்திருத்தல் வேண்டும். அதனினும் குறைந்த செல்வம் உடையவர்க்குச் சிறிய வளையச் சட்டை போதும். நகரத்தாரும் ஏனைய உரிமைக் குடிகளும் மெத்தைச் சட்டையும் இரும்புத் தொப்பியும் வேலும் வைத்திருத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. இதனால், ஒருவன் உடலை மறைத்தது எது என்பதை அவன் வீரம் அறுதியிடவில்லை, அவன் செல்வமே அறுதியிட்டது என்பது புலனாகின்றது. திரைப்படங்களில் வரும் படைவீரர் அனைவரும் தலை முதல் கால் வரை ஒளிவீசும் இரும்பில் நிற்பது வரலாற்றுக்குப் பொருந்தாத காட்சியாகும்.

விசுபி நகரின் புதைகுழிகள்

எளிய மக்களின் கவசம் பற்றி உலகுக்கு மிகுதியாக உரைப்பது, துயரம் நிறைந்த ஓர் இடமாகும். பால்டிக்குக் கடலில் கோத்லாந்து என்னும் தீவு உள்ளது. அஃது இன்று சுவீடன் நாட்டைச் சேர்ந்தது. அத்தீவின் துறைமுக நகரம் விசுபி. உயர்ந்த மதில் சூழ்ந்த அந்நகரம் இடைக்காலத்தில் வாணிகத்தால் வளம் பெற்று விளங்கியது.

கி.பி. 1361ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமார், தேர்ந்த படையொடு அத்தீவில் வந்து இறங்கினார். தீவின் உழவர்கள் ஒன்று திரண்டு அப்படையை எதிர்த்தனர். சூலை 27ஆம் நாள், விசுபி நகர மதிலுக்கு வெளியே இறுதிப் போர் நடந்தது. நகரத்தார் மதிலுக்கு உள்ளேயே இருந்தனர், வாயிற்கதவுகள் திறக்கவில்லை. மதிலின் நிழலில், நகரத்தார் கண்ணெதிரே, உழவர் படை அழிந்தது. மாண்டவர் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கணக்கிடுவர். நகரம் பின்னர்ப் போரின்றிப் பணிந்தது.

கோடை வெயிலில் அத்துணை உடல்களையும் விரைந்து அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. எனவே பலருடைய கவசத்தைக் களையாமலேயே பெருங்குழிகளில் இட்டு மூடினர் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வழக்கமாக வென்றவர் கைக்குச் செல்லும் இரும்பு, இங்கு மாண்டவரோடு மண்ணுள் தங்கிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பின்னர் 1928 முதல் 1930 வரையிலும் அக்குழிகள் அகழப்பெற்றன. 1,185 பேருக்குக் குறையாதவரின் எலும்புகள் வெளிப்பட்டன. வளையத் தலையுறையை அணிந்தபடியே மண்டையோடுகள் கிடந்தன. அவ்வாராய்ச்சியைப் பெங்ட் தோர்டெமான் என்னும் அறிஞர் 1939, 1940ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

அங்குக் கிடைத்தவற்றுள் சிறந்தவை தகடு பதித்த சட்டைகள். தோல் அல்லது தடித்த துணியால் சட்டை தைத்து, அதன் உட்புறத்தில் இரும்புத் தகடுகளைத் தறையாணியால் பொருத்தியிருந்தனர். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வரிசை வரிசையான ஆணித்தலைகள் மட்டுமே தெரியும். இத்தகைய சட்டைகள் இருபதுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. நூற்றாண்டுகள் கடந்தமையால் தோலும் துணியும் மக்கிப் போயின. தகடுகளும் ஆணிகளும் நின்றன. தகடு எங்கே வளைகின்றது, ஆணி எத்துணை இடைவெளியில் நிற்கின்றது என்பவற்றை அளந்து, மறைந்துபோன சட்டையின் வடிவை ஆராய்ச்சியாளர் மீட்டுத் தந்தனர். இன்று 14ஆம் நூற்றாண்டு வீரனாகத் தோன்ற விரும்பும் ஆர்வலர், அவ்வளவுகளைக் கொண்டே தம் சட்டையைச் செய்துகொள்கின்றனர்.

எலும்புகளும் பேசின. வெட்டுக் காயங்களுள் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே இருந்தன. மார்பைத் தகட்டுச் சட்டை காத்தது. தலையை வளைய உறை ஓரளவு காத்தது. கால்களைக் காக்க அவ்வுழவரிடம் ஒன்றும் இல்லை. தேர்ந்த படைவீரர் அதனை அறிந்து, காலை வெட்டி வீழ்த்தியிருத்தல் வேண்டும். அவ்வெலும்புகளுள் சிறாருடையனவும் முதியோருடையனவும் இருந்தன. ஊரைக் காக்க வேறு எவரும் இல்லாதபோது, ஏர் பிடித்த கையும் ஊன்றுகோல் பிடித்த கையும் வேல் பிடித்தன என்பதை அவை காட்டுகின்றன. ஏடுகளில் எழுதப்பெறாத அம்மக்களின் வரலாற்றை, அவர்கள் அணிந்திருந்த கவசமும், அணிய இயலாதிருந்த கவசமும் எழுதிவைத்துள்ளன.

அப்போர்க்களத்தில் கல்லாலாகிய சிலுவை ஒன்று நிற்கின்றது. 1984ஆம் ஆண்டு தொடங்கி அந்நகரில் இடைக்கால விழா ஒன்றும் நடைபெற்று வந்துள்ளது. அவ்விழாவில் மக்கள் பழங்கால உடை உடுத்து, பழைய மதிலின் உள்ளும் புறமும் உலவுகின்றனர். தாம் அணிந்த சட்டையின் வடிவம் எங்கிருந்து கிடைத்தது என்பதை அறிந்தவர், அதனை விளையாட்டுப் பொருளாக மட்டும் எண்ண மாட்டார்.

தகட்டுக் கவசமும் அதன் எடையும்

14ஆம் நூற்றாண்டில் முழங்கால், கெண்டைக்கால், கை, தோள் ஆகிய உறுப்புக்களைக் காக்க இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உச்சி முதல் உள்ளங்கால் வரை தகட்டால் மூடும் முழுக்கவசம் உருப்பெற்றது. இத்தாலியில் மிலான் நகரமும், செருமானிய நாட்டில் நூரம்பர்க்கு, ஆக்சுபர்க்கு முதலிய நகரங்களும் இக்கவசத் தொழிலில் புகழ்பெற்று விளங்கின. மிலானில் மிசாக்லியா குடும்பத்தார் செய்த கவசங்கள் பல நாடுகளுக்குச் சென்றன.

முழுக்கவசம் பற்றி நெடுங்காலமாக ஒரு பொய் வழங்கி வந்தது. அதனை அணிந்தவன் தானாக நடக்க இயலாதவன். கீழே விழுந்தால் எழ இயலாதவன். அவனைக் கப்பி கட்டித் தூக்கித்தான் குதிரைமேல் ஏற்றுதல் வேண்டும் என்பது அப்பொய். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஐந்தாம் என்றி’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலும் அவ்வாறு தூக்கி ஏற்றும் காட்சி இடம்பெற்றது. கண்ணால் கண்டவர் அதனை மெய்யென்றே நம்பினர்.

உண்மை என்ன? போர்க்களத்திற்கு அணிந்த முழுக்கவசத்தின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரையே. அவ்வெடையும் ஓரிடத்தில் தங்குவதன்று. தோள், இடை, கை, கால் ஆகிய எல்லா உறுப்புக்களிலும் பகிர்ந்து நிற்பது. ஒருவர் மேல் ஒருவர் வேலோடு குதிரையில் பாய்ந்து மோதும் விளையாட்டுக்கென்று செய்த கவசமே இதனினும் மிகுந்த எடையுடையது. அதனை அணிந்து எவரும் நடந்து சென்று போரிடவில்லை. பிரான்சு நாட்டுப் படைத்தலைவர் பூசிக்கோ என்பாரின் வரலாற்றை அவர் வாழ்நாளிலேயே எழுதியவர், அவர் தலைக்கவசம் ஒழிந்த ஏனைய கவசம் முழுவதும் அணிந்து குட்டிக்கரணம் இட்டதையும், ஏணியின் அடிப்புறத்தில் கைகளால் மட்டும் பற்றி ஏறியதையும் குறித்துள்ளார். இக்காலத்து ஆர்வலரும் உடலுக்குப் பொருந்தக் கவசம் செய்து அணிந்து, ஓடியும் குனிந்தும் விழுந்து எழுந்தும் குதிரைமேல் ஏறியும் காட்டியுள்ளனர். கப்பிக் கதை கதையேயாயிற்று.

எனினும், ஒரு பொய்யை மறுக்கும் ஆர்வத்தில் மற்றொரு பொய்க்கு இடந்தரலாகாது. கவசம் சுமையே அன்று என்று கூறுதலும் தவறு. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கவசம் அணிந்து பழகிய நால்வர், 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களைப் பார்த்துச் செய்த கவசங்களை அணிந்து, ஓடுபட்டைப் பொறியின்மேல் நடந்தும் ஓடியும் காட்டினர். அவர்கள் இழுத்த மூச்சை அளந்து, செலவான ஆற்றலைக் கணக்கிட்டனர். கவசமின்றி நடப்பதைக் காட்டிலும் கவசத்தோடு நடப்பதற்கு இருமடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் செலவாயிற்று. ஓடுவதற்கு ஏறத்தாழ இருமடங்கு செலவாயிற்று. அதே எடையை மூட்டையாக முதுகில் சுமந்தால் அவ்வளவு ஆற்றல் செலவாவதில்லை என்பதும் விளங்கியது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வீச வேண்டியிருத்தலே இதற்குக் காரணம். மேலும், மார்புத்தகடும் முதுகுத்தகடும் இறுக்கி நிற்பதால் ஆழ மூச்சிழுத்தல் அரிதாகின்றது. வீரன் மேலெழுந்தவாரியாக விரைந்து விரைந்து மூச்சு விடுகின்றான்.

இவ்வளவுகளைக் கொண்டு பார்த்தால், 1415ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அசின்கோர்ட்டுக் களத்தில் நிகழ்ந்தது தெளிவாகின்றது. மழையில் நனைந்து சேறான உழவு நிலத்தில் பிரெஞ்சு வீரர்கள் கவசத்தோடு கால்நடையாக முன்னேறினர். ஆங்கில வில்லாளரின் அம்பு ஒருபுறம் வருத்த, காலைப் பற்றி இழுத்த சேறு மறுபுறம் வருத்தியது. பகைவரை அணுகும் முன்னரே அவர்கள் களைத்துப் போயிருத்தல் வேண்டும். குட்டிக்கரணம் இட்ட பூசிக்கோவும் அன்று பகைவர் கையிற் சிறைப்பட்டார். ஊர் திரும்பாமல் 1421ஆம் ஆண்டில் இங்கிலாந்திலேயே இறந்தார்.

கொல்லரும் தையற்காரரும்

தகட்டுக் கவசத்தின் சிறப்பைக் கொல்லருக்கு மட்டும் உரியதாகக் கூறுதல் பொருந்தாது. அதில் பாதி தையற்காரருக்கு உரியது. கவசத்தின் கை கால் உறுப்புக்கள் தாமே உடலில் நிற்பதில்லை. உள்ளே அணிந்த இறுகிய சட்டையோடு நாடாக்களால் கட்டப்பெற்றே நிற்கின்றன. சட்டை தளர்ந்தால் தகடு தொங்கும். சட்டை மிக இறுகினால் கை மேலெழாது.

காலால் நின்று போரிடுவோன் எவ்வாறு கவசம் பூணுதல் வேண்டும் என்பதை விளக்கும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படி ஒன்று இன்றும் உள்ளது. அது முதலிற் கூறுவது இரும்பைப் பற்றி அன்று. உள்ளே உடுக்கும் சட்டையைப் பற்றியே. காற்றுப் புகுவதற்காகப் பல துளைகள் இட்ட சட்டை வேண்டும். அக்குள் முதலிய இடங்களில், தகடு மூடாத பகுதியைக் காக்க வளையத் துண்டுகளை அச்சட்டையில் தைத்தல் வேண்டும். கவசம் கட்டும் கயிறு, வில்நாண் திரிக்கும் முறுக்கிய நூலால் ஆகி, மெழுகு பூசப்பெற்றிருத்தல் வேண்டும். முழங்காலில் இரும்பு உராய்ந்து புண்ணாகாதபடி மெல்லிய கம்பளியைச் சுற்றுதல் வேண்டும் என்று அது ஒவ்வொன்றாக உரைக்கின்றது. போர்க்களத்தில் அறுந்த கயிறு ஒன்று ஓர் உயிரைப் போக்கலாம் என்பதை அறிந்தவர் எழுதிய குறிப்பு அது. ஆர்வலர் பலர் விலையுயர்ந்த தகடு வாங்கி, உட்சட்டையைப் புறக்கணித்து, தோள் புண்ணாகி வருந்திய பின்னரே இதன் உண்மையை உணர்கின்றனர்.

கவசத்தின் மேலும் துணி இருந்தது. முகம் மூடிய வீரன் நம்மவனோ பகைவனோ என்று அறிவது எவ்வாறு? அதற்காகக் குடும்பச் சின்னம் தைத்த மேலாடையை அணிந்தனர். கி.பி. 1376ஆம் ஆண்டில் இறந்த ‘கருப்பு இளவரசர்’ எட்வர்டு என்பாரின் மேலாடை, தலைக்கவசம், கையுறை ஆகியவை காண்டர்பரிப் பெருங்கோவிலில் அவர் கல்லறைமேல் தொங்கவிடப்பெற்றன. வெல்வெட்டுத் துணியால் ஆகிய அம்மேலாடை இன்றும் அழியாமல் உள்ளது. அதனைக் காப்பதற்காக, 1954ஆம் ஆண்டில் அப்பொருள்களைப் போன்றே வேறு செய்து கல்லறைமேல் தொங்கவிட்டனர்.

மண் காத்த உடைகள்

இரும்பு துருப்பிடித்தும் நிற்கும்; துணியோ விரைவில் மக்கும். ஆதலால் இடைக்காலத்து எளிய மக்களின் உடை கிடைப்பது மிக அரிது. ஆயினும் சதுப்பு நிலமும் பனி நிலமும் சிலவற்றைக் காத்துத் தந்துள்ளன.

1936ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வார்பெர்க்கு நகருக்கு அருகில், போக்சுடென் என்னும் இடத்தில், சதுப்பு நிலத்தைப் பரம்படித்துக் கொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் எலும்புகளைக் கண்டான். அவை 14ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட ஒருவனுடையவை. அவனுடைய அங்கி, மேற்போர்வை, நீண்ட வாலோடு கூடிய முக்காட்டுத் தொப்பி, நீள்காலுறை ஆகிய அனைத்தும் சிதையாமல் இருந்தன. அவனைக் கொன்றவர் யாரெனத் தெரியவில்லை. ஆனால் அவன் உடுத்திருந்த உடையின் ஒவ்வொரு தையலும் தெரிகின்றது.

1921ஆம் ஆண்டில் கிரீன்லாந்து நாட்டின் எர்யோல்சுனெசு என்னும் இடத்தில், பௌல் நோர்லுண்டு என்னும் டேனிசு அறிஞர் பழைய இடுகாடு ஒன்றை அகழ்ந்தார். உறைந்த மண்ணில், மாண்டவர் உடலைச் சுற்றியிருந்த கம்பளி அங்கிகளும் தொப்பிகளும் காலுறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் வெட்டுமுறை ஆராய்ச்சியாளரை வியப்பில் ஆழ்த்தியது. இடுப்புக்குக் கீழே அகலம் வேண்டும் இடங்களில் முக்கோணத் துண்டுகளைச் செருகித் தைத்திருந்தனர்; கை அசைவதற்கு ஏற்ப அக்குளை வளைத்து வெட்டியிருந்தனர். துணியைச் சிறிதும் வீணாக்காத சிக்கனமும் அதில் விளங்கியது. உலகின் ஒரு கோடியில், பனியின் நடுவே வாழ்ந்த அம்மக்கள் நாகரிகம் அறியாதவர் அல்லர் என்பதை அவ்வுடைகள் நிறுவின. அவற்றின் அளவுகள் அச்சாகி வெளிவந்துள்ளமையால், உலகின் பல பகுதிகளிலும் ஆர்வலர் அவற்றைப் பார்த்துத் தைத்து உடுத்துகின்றனர்.

இடைக்காலத்து எளியோர் அனைவரும் அழுக்கு நிறக் கந்தலே உடுத்தனர் என்பதும் திரைப்படம் பரப்பிய பொய்யே. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், அவுரியைப் போன்று சாயம் தரும் வேறொரு செடியின் இலையிலிருந்து நீலமும், மற்றொரு செடியிலிருந்து மஞ்சளும் எடுத்துக் கம்பளிக்குச் சாயம் ஏற்றினர். உடலை ஒட்டி ஆளிநார்த் துணியை உடுத்து, அதனை அடிக்கடி துவைத்தனர். மேலே கம்பளி உடுத்தனர். அம்முறையின் அறிவுடைமையை உடுத்துப் பார்த்தவரே நன்கு உணர்வர். ஈரமானாலும் கம்பளி குளிரைத் தாங்கும். அடுப்பின் தீப்பொறி பட்டாலும் எளிதிற் பற்றாது. செயற்கை இழையால் ஆகிய உடையோ தீப்பொறி பட்டவுடன் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பாசறைத் தீயின் அருகே அமரும் ஆர்வலர், அழகு கருதி மட்டுமன்றி உயிர்க்காவல் கருதியும் கம்பளியையே தேர்ந்து உடுத்துகின்றனர்.

சான்றும் வேடமும்

பழைய கவசத்தையும் உடையையும் திரும்பச் செய்வோர் கடைப்பிடிக்கும் நெறி ஒன்று உண்டு. எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த நிலையிலுள்ள மனிதன் என்னும் மூன்றையும் முதலில் அறுதியிடுதல் வேண்டும் என்பது அந்நெறி. 1066ஆம் ஆண்டுச் சட்டையின்மேல் 1450ஆம் ஆண்டுத் தகட்டைப் பூட்டுதல், பாட்டனுக்குப் பேரனின் சட்டையை அணிவித்தல் போலாகும். உழவனாகத் தோன்றுபவன் படைத்தலைவனின் கவசத்தைப் பூணுதலும் பிழையே. கல்லறைச் சிற்பம், ஓவியம், எழுத்து, அகழ்ந்தெடுத்த பொருள் ஆகிய நான்கும் ஒன்றையொன்று உறுதி செய்யும்போது சான்று வலிமை பெறும். ஓவியன் கற்பனை செய்திருக்கலாம், எழுதியவன் மிகைப்படுத்தியிருக்கலாம், மண்ணில் கிடைத்த பொருளும் முழுமையற்றதாக இருக்கலாம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும்.

விளையாட்டிலும் அடக்கம் வேண்டும் என்பதை இவர்கள் அறிவர். போர் காட்டும்போது வாளின் விளிம்பை மழுக்குகின்றனர். எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கலாகாது என்று விதி வகுத்துக்கொள்கின்றனர். மாலையில் கவசத்தைக் களைந்ததும், பகைவராக நின்றவர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். விசுபி மதிலடியில் வீழ்ந்த உழவர்க்கு அத்தகைய மாலை ஒன்று வாய்க்கவில்லை. அவர்கள் கவசம் களையப்பெறாமலேயே மண்ணுள் மறைந்தனர். அவர்களுடைய சட்டையின் வடிவை இன்று உடுத்துபவர், அவ்வடிவில் ஓர் ஆணியையும் மாற்றாமல் காத்தல் வேண்டும். அதுவே மாண்டவர்க்குச் செய்யும் நன்றியும், வரலாற்றுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

பயிற்சி

1. வளையக் கவசம் செய்யும் முறையை விளக்குக. தறையாணி இன்றியமையாதது ஏன்?
2. 1181ஆம் ஆண்டு ஆணையிலிருந்து அக்காலச் சமுதாயத்தைப் பற்றி அறியப்படுவது யாது?
3. விசுபிப் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளும் கவசங்களும் உணர்த்தும் உண்மைகளைத் தொகுத்து எழுதுக.
4. தகட்டுக் கவசத்தின் எடை பற்றி வழங்கிய பொய் யாது? அதனை மறுக்கும் சான்றுகள் யாவை? லீட்சு ஆய்வு கூறும் செய்தி யாது?
5. ‘கவசத்தின் சிறப்பில் பாதி தையற்காரருக்கு உரியது’ - இக்கூற்றை நிறுவுக.
6. சதுப்பு நிலமும் பனி நிலமும் காத்துத் தந்த உடைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.